ஆம்பூர் காலணிக்கு எந்த நாட்டுச் சட்டம்?

பதினோராம் வகுப்பு வணிகவியலில் பன்னாட்டு வணிகம் நடத்தும்போது, உள்நாட்டு வணிகத்துக்கும் பன்னாட்டு வணிகத்துக்கும் உள்ள வேறுபாடுகளைப் பட்டியலிட்டுக் கொடுத்துவிடுகிறோம். நாணயம், மொழி, சுங்கத் தீர்வை, போக்குவரத்து என்று போகும் அந்தப் பட்டியலில் 'சட்டங்களும் விதிமுறைகளும் நாட்டுக்கு நாடு மாறுபடும்' என்பதும் ஒரு வரி. மாணவர்கள் அதை எழுதிவிடுவார்கள், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். 'எப்படி மாறுபடும்? ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்கள்' என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். யாராவது ஒருவர், அமெரிக்காவில் வண்டியை வலப்பக்கம் ஓட்டுவார்கள் என்பார். அது சரிதான். ஆனால் அந்த வேறுபாட்டால் யாருக்காவது வேலை போகுமா, யாருடைய சரக்காவது துறைமுகத்தில் நிற்குமா என்பது அதில் தெரியாது.

நான் பாடம் நடத்துவது வேங்கிக்காலில். எங்கள் மாணவர்களுக்கு வெளிநாடு என்பது புதிதல்ல. ரமணாசிரமப் பக்கம் போனால் பல நாட்டவரைப் பார்க்கலாம். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் உறவினர் இல்லாத தெரு குறைவு. மாவட்டத்தின் மறுகோடியில் செய்யாறு சிப்காட்டில் ஏற்றுமதிக்காகவே விளையாட்டுக் காலணிகள் தயாராகின்றன. அங்கே வேலைக்குப் போகும் பெண்கள் பல்லாயிரம் பேர். பேருந்தில் மூன்று மணி நேரம் போனால் ஆம்பூரும் வாணியம்பாடியும். இவ்வளவும் பக்கத்தில் இருக்க, சட்ட வேறுபாட்டுக்கு எடுத்துக்காட்டு தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை என்று தோன்றியது. சென்ற ஆண்டு நான்கு பாடவேளைகளை ஒதுக்கி, தோலில் தொடங்கி நடத்தினேன். மற்ற பள்ளிகளின் வணிகவியல் ஆசிரியர்களுக்கும் பயன்படலாம் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு கிலோவில் 5 மில்லிகிராம்

உரித்த தோல் கெட்டுப்போகும் பொருள். உப்பிட்டு, சுண்ணாம்பில் ஊறவைத்து, முடி நீக்கிப் பதனிட்டாலும், ஈரமாக இருக்கும் நிலையில் பூஞ்சணம் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க உலகெங்கும் தோல் தொழிலில் பயன்பட்ட மலிவான மருந்து பென்டாகுளோரோஃபீனால். தொழிலில் அதைப் பி.சி.பி. என்பார்கள். இந்தியாவிலும் அதுதான் பயன்பட்டது. அதைப் பயன்படுத்திய யாரும் அன்றைய இந்தியச் சட்டப்படி குற்றவாளி இல்லை.

1989 டிசம்பரில் அன்றைய மேற்கு ஜெர்மனி பி.சி.பி.யைத் தடை செய்தது. பெர்லின் சுவர் விழுந்து ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. உலகத்தின் கண் எல்லாம் அங்கே இருந்தபோது, வட ஆற்காட்டுத் தோல் தொழிலைப் பாதிக்கப்போகும் ஆணை ஒன்று சத்தமில்லாமல் வந்தது. மனித உடலுக்குக் கேடு என்பதால் இந்தப் பொருள் ஒரு கிலோவில் 5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள எந்தச் சரக்கையும் அந்த நாட்டில் விற்கக் கூடாது என்றானது. 5 மில்லிகிராம் என்றால் எவ்வளவு என்று மாணவர்களையே கணக்கிடச் சொன்னேன். ஒரு டன் தோலில் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை. அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், இதைக் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகம் வேண்டும், ஆய்வகத்துக்குப் பணம் வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்தது. நம் தோல் பொருள்களையும் காலணி மேற்பகுதிகளையும் வாங்குவதில் ஜெர்மனி முன்வரிசை நாடு. மாற்று மருந்துகள் இருந்தன, ஆனால் விலை பல மடங்கு.

இந்த இடத்தில் ஒரு மாணவன் கேட்ட கேள்விதான் பாடத்தின் மையமாக அமைந்தது. "நம்ம ஊர்ல தப்பு இல்லாதது அங்க மட்டும் எப்படி சார் தப்பாகும்? ஜெர்மனிக்காரன் சட்டம் வாணியம்பாடியில செல்லுமா?"

செல்லாது. ஒரு நாட்டின் சட்டம் அதன் எல்லைக்குள் மட்டுமே ஆளும். ஜெர்மன் அதிகாரி யாரும் வாணியம்பாடிக்கு வந்து டேனரியில் சோதனை போட முடியாது. ஆனால் ஹாம்பர்க்கில் கடை வைத்திருப்பவரை அந்தச் சட்டம் பிடிக்கும். அவர் தனக்குச் சரக்குத் தரும் இறக்குமதியாளரிடம் 'பி.சி.பி. இல்லை என்று எழுதிக் கொடு' என்பார். இறக்குமதியாளர் ஆம்பூர் ஏற்றுமதியாளருக்கு அனுப்பும் ஆர்டர் தாளில் அதை ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பார். ஏற்றுமதியாளர் டேனரிக்காரரிடமும், டேனரிக்காரர் மருந்துக் கடைக்காரரிடமும் அதையே கேட்பார்கள். ஆர்டர் தாளில் எழுதிக் கையெழுத்தான பிறகு அது ஒப்பந்தத்தின் நிபந்தனை. அதை மீறினால் ஒப்பந்த மீறல். அதற்கு நம்முடைய 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே இழப்பீடு கேட்க வழிசெய்கிறது. ஜெர்மன் சட்டமாகச் செல்லாத ஒன்று, ஒப்பந்த நிபந்தனையாக வாணியம்பாடியில் செல்லுபடியாகிவிடுகிறது. பன்னாட்டு வணிக அலகையும் ஒப்பந்தச் சட்ட அலகையும் தனித்தனியாக நடத்திப் பழகிய நமக்கு, இரண்டும் சந்திக்கும் இடம் இதுதான். கரும்பலகையில் கடைக்காரர் முதல் மருந்துக் கடை வரை ஐந்து பெட்டிகள் வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டினால் போதும்.

பி.சி.பி.யோடு கதை முடியவில்லை. 1994-இல் ஜெர்மனி, புற்றுநோய் உண்டாக்கும் அமைன்களாகப் பிரியக்கூடிய அசோ சாயங்களைத் தோலிலும் துணியிலும் பயன்படுத்துவதற்குத் தடை கொண்டுவந்தது. இந்த முறை திருப்பூரும் கரூரும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அதைப் பொது விதியாக்கியது. வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம். 2015 மே 1 முதல், தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி வந்தது. பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது சில சூழல்களில் ஆறாக மாறிவிடுகிறது. இதை விளக்க எங்கள் வேதியியல் ஆசிரியரை அழைத்து ஒரு கால்மணி நேரம் பேசச் சொன்னேன். வணிகவியல் வகுப்பில் வேதியியல் ஆசிரியரைப் பார்த்ததில் பிள்ளைகளுக்கு ஒரே வியப்பு.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. பி.சி.பி. இங்கேயும் தடை செய்யப்பட்டது. 1990-களில் நூற்றுக்கும் மேற்பட்ட சாயங்கள் தடைப் பட்டியலில் சேர்ந்தன. சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சோதனைக்கும் மாற்று முறைகளுக்கும் தொழிலுக்குக் கைகொடுத்தது. இறக்குமதி செய்யும் நாட்டின் சட்டம் ஏற்றுமதி செய்யும் நாட்டின் சட்டத்தையே மாற்றிவிட்டது என்பதை மாணவர்கள் இதில் கவனிக்க வேண்டும்.

எல்லா நாடும் தடைதான் போடும் என்றும் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1986-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த ஒரு சட்டம், கேடு தரும் வேதிப்பொருள் இருந்தால் விற்கலாம், ஆனால் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்கிறது. பாட எண் 65 என்று நம்மூரில் சொல்வதுபோல, அங்கே அந்தச் சட்டத்தை 'முன்மொழிவு 65' என்றே அழைக்கிறார்கள். குழந்தைகளுக்கான பொருள்களில் ஈயத்துக்கு அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தனி வரம்பு வைத்திருக்கிறது. ஒரே ஆம்பூர் காலணி ஒரு நாட்டில் திருப்பி அனுப்பப்படலாம், இன்னொரு நாட்டில் ஓர் எச்சரிக்கைச் சீட்டோடு கடையில் இருக்கலாம். வெளிநாட்டார் மட்டுமே விதி போடுகிறார்கள் என்று மாணவர்கள் நினைத்துவிடாமல் இருக்க, இந்தியாவும் அண்மையில் காலணிகளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்திருப்பதைச் சொல்லுங்கள். நம் சந்தைக்குள் வர நினைக்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு அதுவும் தலைவலிதான்.

பாலாற்றுக் கேள்வி

இரண்டாம் நாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்தார். அவருடைய தாய்வழி ஊர் ஆம்பூர்ப் பக்கம். "செருப்பு போடுற ஜெர்மனிக்காரங்களுக்குச் சட்டம் இருக்கு. தோல் கழுவுற தண்ணி எங்க பாட்டி வீட்டுக் கிணத்துல வந்துச்சே, அதுக்கு எந்த நாட்டுச் சட்டம் சார்?"

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பாடத்தை முடிப்பது நேர்மையாகாது. ஜெர்மன் விதி பார்த்தது காலணியில் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே. கழிவுநீர் எங்கே போகிறது என்பது அதன் அக்கறை அல்ல. கிணறு உப்பாகிப்போன ஊரிலிருந்து புறப்பட்ட காலணி, ஹாம்பர்க் ஆய்வகத்தில் குறையே இல்லாமல் தேறிவிட முடியும். பொருளைப் பற்றிய விதி வேறு, அதைச் செய்யும் முறையைப் பற்றிய விதி வேறு. இரண்டாவதை அந்தந்த நாடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நெடுநாள் நிலைமை.

நம் நாடு பார்த்ததா? வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது, வேலை தருகிறது என்பதை ஏற்றுக்கொண்டே, அதற்காகச் சூழலை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்று நீதிமன்றம் கூறியது. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்', 'முன்னெச்சரிக்கை' ஆகிய இரு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் டேனரிகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. திருவண்ணாமலை 1989-இல்தான் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தது. சில ஆண்டுகள் முந்தி நடந்திருந்தால் இது எங்கள் மாவட்ட வழக்காகவே இருந்திருக்கும்.

இதில் ஓர் ஆர்வமூட்டும் செய்தி உண்டு. முன்னெச்சரிக்கைக் கொள்கை 1970-களில் ஜெர்மனியின் சுற்றுச்சூழல் சட்டத்தில் வேர்விட்டு வளர்ந்து, 1992 ரியோ மாநாட்டுப் பிரகடனத்தில் இடம்பெற்று, அங்கிருந்து நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு வந்தது. சட்டக் கருத்துகளும் சரக்கைப் போல நாடு விட்டு நாடு போகின்றன.

தீர்ப்பு வந்ததும் பாலாறு தெளிந்துவிட்டது என்று மாணவர்களிடம் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுப் படுகையின் டேனரி மாசு பற்றி மறுபடியும் தீர்ப்பு சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கிடைக்க உத்தரவிட வேண்டியிருந்தது. இதற்கிடையில் ஜெர்மனியின் பார்வையும் விரிந்தது. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வழங்கல் சங்கிலிச் சட்டம், முதலில் 3,000 பேருக்குக் குறையாமலும் 2024 முதல் 1,000 பேருக்குக் குறையாமலும் பணியாற்றும் பெரிய நிறுவனங்கள், தங்களுக்குச் சரக்குத் தருபவரிடம் மனித உரிமை மீறலும் சில வகைச் சுற்றுச்சூழல் கேடும் இல்லாதிருப்பதைக் கவனிக்க வேண்டும் என்றது. இது பெரும் சுமை என்று அங்குள்ள நிறுவனங்கள் முறையிடுகின்றன. தளர்த்தும் முயற்சிகளும் நடக்கின்றன. என் கருத்து: நம் ஊர்க் கிணற்றைக் காக்க ஹாம்பர்க்கில் சட்டம் வரும் என்று காத்திருப்பது சரியான ஏற்பாடு அல்ல. வகுப்பில் இதை ஒட்டியும் வெட்டியும் பேச விட்டேன். 'அங்க சட்டம் வந்தாதானே இங்க பயப்படுறாங்க' என்று பாதி வகுப்பு எனக்கு எதிராகப் பேசியது. அதிலும் உண்மை இருக்கிறது.

தொலைந்துபோன கடிதம்

மூன்றாம் பாடவேளைக்கு ஒரு விளையாட்டு. வகுப்பின் ஒரு மூலை ஹாம்பர்க், மறுமூலை ஆம்பூர். நடுவில் ஒருவர் தபால்காரர். ஹாம்பர்க் மாணவி '1,000 ஜோடிக் காலணி, ஜோடி இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்' என்று முனைவுக் கடிதம் அனுப்புகிறார். ஆம்பூர் மாணவர் ஏற்புக் கடிதம் எழுதித் தபால்காரரிடம் தருகிறார். தபால்காரர் அதைத் தொலைத்துவிடுகிறார். ஒப்பந்தம் ஏற்பட்டதா?

நம் ஒப்பந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, ஏற்பவர் கையை விட்டுக் கடிதம் அஞ்சலில் போன கணமே முனைந்தவரை ஏற்பு கட்டுப்படுத்திவிடும். அஞ்சல் தொலைந்தால் அது முனைந்தவரின் பாடு. இங்கிலாந்தின் பழைய அஞ்சல் விதியிலிருந்து வந்தது இது. ஜெர்மன் சட்டத்தில் கடிதம் போய்ச் சேர்ந்தால்தான் ஏற்பு. தொலைந்துவிட்டால் ஒப்பந்தமே இல்லை. ஆம்பூர்க்காரர் ஒப்பந்தம் உண்டு என்று தோல் வாங்கிவிட்டார், ஹாம்பர்க்காரர் இல்லை என்று வேறிடத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டார். இருவரும் தத்தம் சட்டப்படி சரி. வகுப்பில் உண்மையாகவே சண்டை வந்துவிட்டது. கடைசியில் இருவரும் சேர்ந்து தபால்காரரைத் திட்டினார்கள்.

'இப்ப யாரு சார் லெட்டர் போடுறா?' என்று கேட்பார்கள். தொலைபேசியில் பேசி முடித்தால், ஏற்பு எந்த ஊரில் கேட்கப்பட்டதோ அங்கேதான் ஒப்பந்தம் உருவாகிறது என்று பகவான்தாஸ் கோவர்தன்தாஸ் கேடியா வழக்கில் 1965-இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்த ஊரில் உருவானது என்பதை வைத்துத்தான் எந்த ஊர் நீதிமன்றம் என்பதும் வரும். வாட்ஸ்ஆப் செய்திக்கு இதை எப்படிப் பொருத்துவது என்று மாணவர்களைப் பேச விடலாம்.

இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே பன்னாட்டுச் சரக்கு விற்பனை ஒப்பந்தங்களுக்காக 1980-இல் வியன்னாவில் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை ஒன்று உருவானது. ஜெர்மனி, அமெரிக்கா, சீனா எல்லாம் அதில் உண்டு. இந்தியாவும் இல்லை, இங்கிலாந்தும் இல்லை. ஆகவே நம் ஏற்றுமதியாளர் ஒப்பந்தத்திலேயே 'இந்த ஒப்பந்தத்துக்கு இன்ன நாட்டுச் சட்டம் பொருந்தும்' என்று ஒரு வரி எழுதிக்கொள்வது நல்லது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த விளையாட்டே.

ஏன் இப்படி மாறுபடுகிறது என்று கேட்பவர்களுக்கு இரு சட்ட மரபுகளைச் சொல்லலாம். தீர்ப்புகளின் மேல் தீர்ப்பாக வளர்ந்த ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபு ஒன்று. ரோமானியச் சட்டத்தின் வழியில் எல்லாவற்றையும் தொகுப்பாக எழுதிவைத்த ஐரோப்பியக் குடிமைச் சட்ட மரபு மற்றொன்று. மறுபயன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று நாம் வரி வரியாக மனப்பாடம் செய்ய வைக்கிறோமே, அது ஆங்கிலேய மரபின் விதி. ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஒப்பந்தம் செல்லுபடியாக மறுபயன் தேவை இல்லை. இரண்டாம் மரபைக் காட்ட ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் புதுச்சேரி இருக்கிறது. அங்கே இன்று ஒப்பந்தம் எல்லாம் இந்தியச் சட்டப்படிதான். ஆனால் பிரெஞ்சுக்காரர் காலத்தில் மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்களின் வழிவந்தோருக்குத் திருமணம், சொத்துரிமை போன்றவற்றில் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் பொருந்துகிறது. கடல் தாண்டினால் இலங்கை. அங்கே டச்சுக்காரர் விட்டுச்சென்ற ரோமன்-டச்சுச் சட்டமும் ஆங்கிலச் சட்டமும் கலந்திருக்க, யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை என்ற தனி வழக்கச் சட்டம் வேறு. 1707-இல் டச்சு ஆட்சி அதை எழுத்தில் தொகுத்தது. தேசவழமைக்கு உட்பட்ட பங்காளி ஒருவர் நிலத்தில் தன் பங்கை விற்கும் முன் மற்றப் பங்காளிகளுக்குச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் அங்கே நிலம் வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் நிலையை நினைத்துப்பாருங்கள்.

மாணவர்கள் அதிகம் ரசித்தது வயதுக் கணக்கை. பதினேழு வயதுப் பையன் தவணையில் சைக்கிள் வாங்கினால்? இந்தியாவில் இளவரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. 1903-இல் மொஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் நிற்கிறது. இங்கிலாந்தில் அது வாழ்க்கைக்குத் தேவையான பொருள் என்றால் நியாயமான விலையைக் கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் ஏழு வயது முதல் பதினேழு வரை பெற்றோர் இசைவு வேண்டும். ஆனால் பெற்றோர் கொடுத்த கைச்செலவுக் காசை முழுதாகக் கொடுத்து வாங்கினால் செல்லும் என்று சட்டத்தின் 110-ஆம் பிரிவே சொல்கிறது, அதற்குப் பெயரே 'கைக்காசுப் பிரிவு'. தவணை என்றால் முழுவதும் கட்டி முடிக்கும்வரை அந்தப் பிரிவு உதவாது. ஜப்பானில் 2022 ஏப்ரல் 1 வரை 20 வயது ஆனால்தான் மேஜர், இப்போது 18. பதினேழு வயதுக்காரர்கள் நிறைந்த வகுப்பில் இந்தப் பகுதிக்கு நாம் எதுவுமே செய்ய வேண்டாம், தானாக ஓடும்.

தீர்ப்பு கையில் இருந்தால் போதுமா?

இந்தப் பகுதியை ஏற்றுமதியாளருக்காக மட்டும் சொல்லவில்லை, வெளிநாடு போகப்போகும் மாணவர்களுக்காகவும் சொல்கிறேன். ஒரு நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு இன்னொரு நாட்டில் தானாகச் செல்லாது. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவு, மத்திய அரசு அறிவித்த நாடுகளின் உயர்நிலை நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கேட்கலாம் என்கிறது. இங்கிலாந்தும் சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் உண்டு. ஜெர்மனியும் அமெரிக்காவும் இல்லை. ஜெர்மன் நிறுவனம் அங்கே ஆம்பூர்க்காரருக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினால், அதை வைத்து இங்கே புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும். அதனால்தான் பெரிய ஒப்பந்தங்களில் நீதிமன்றத்தை விட்டுவிட்டு நடுவர் தீர்ப்பை நாடுகிறார்கள். 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியாவும் ஜெர்மனியும் இருப்பதால், நடுவர் தீர்ப்பு எல்லை தாண்டுவது எளிது.

2020 ஜனவரியில் மத்திய அரசு ஐக்கிய அரபு அமீரகத்தையும் பட்டியலில் சேர்த்தது. துபாயில் வங்கிக் கடன் வாங்கிக் கட்டாமல் ஊர் திரும்பிவிட்டால் முடிந்தது என்று பேசிக்கொள்வதை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். இப்போது அங்கே பெற்ற தீர்ப்பை வங்கி நம் மாவட்ட நீதிமன்றத்துக்கே கொண்டுவர முடியும். எதிர்வாதம் செய்ய நம் சட்டம் இடம் தராமல் இல்லை: எதிர்த்தரப்புக்கு உரிய வாய்ப்பு தரப்படவில்லை, மோசடியால் பெற்ற தீர்ப்பு என்பவை போன்ற காரணங்களை 13-ஆம் பிரிவு ஏற்கிறது. ஆனால் அழைப்பாணை வந்தபோது அலட்சியமாக இருந்துவிட்டு, பிறகு அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. இதைச் சொன்ன அன்று மாலை இரு மாணவர்கள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் ஒருவருடைய அப்பா பள்ளி வாசலில் நின்று விவரம் கேட்டார். வழக்கறிஞரைப் பாருங்கள் என்று சொல்லி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை கிடைக்கும் என்பதையும் சொல்லி அனுப்பினேன். ஆசிரியர்கள் சட்ட ஆலோசனை தரத் தொடங்க வேண்டாம். வழி காட்டினால் போதும்.

சென்னையில் மறுக்கப்பட்ட காப்புரிமை

நான்காம் பாடவேளையை ஒரு விவாதத்துக்கு விட்டேன். தலைப்பு: மற்ற நாடுகள் தந்த காப்புரிமையை நாமும் தர வேண்டுமா?

நோவார்ட்டிஸ் என்ற சுவிஸ் நிறுவனத்தின் இரத்தப் புற்றுநோய் மருந்து கிளிவெக். அதன் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளில் காப்புரிமை கிடைத்தது. 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பம் 2006 ஜனவரியில் மறுக்கப்பட்டது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தர நாம் ஒப்புக்கொண்டபோதே, 3(டி) என்ற பிரிவில் ஒரு நிபந்தனையும் வைத்திருந்தோம்: தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால், அது முன்னைவிட அதிகப் பலன் தர வேண்டும். அந்தப் பிரிவே அரசமைப்புக்கு எதிரானது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்டில் தோற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றது. நோயைத் தீர்க்கும் பலன் கூடினால்தான் அது பலன் என்று விளக்கியது. வழக்கு நடந்த காலத்தில் நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய் வரை.

விலையைச் சொன்னதும் வகுப்பு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அப்படி விடக் கூடாது. ஆராய்ச்சிக்குச் செலவழித்தவருக்கு ஆதாயம் இல்லை என்றால் அடுத்த மருந்தை யார் கண்டுபிடிப்பார்கள் என்ற பக்கத்தைப் பேச, நன்றாகப் பேசும் மூவரை நானே நிறுத்தினேன். பி.சி.பி. வழக்கில் 'அவங்க நாட்டுச் சட்டத்த நம்ம மேல திணிக்கிறாங்க' என்று கோபப்பட்ட அதே மாணவன், இங்கே 'எங்க நாட்டுச் சட்டம் இதுதான், விருப்பம் இருந்தா வாங்க' என்று சுவிஸ் நிறுவனத்திடம் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு நிலைப்பாட்டையும் அடுத்தடுத்துக் கரும்பலகையில் எழுதி, 'இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியுமா?' என்று கேட்டேன். மணி அடித்துவிட்டது. விடையை எழுதிக்கொண்டு வரச் சொன்னதில் முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தொன்பது பேர் கொண்டுவந்தார்கள். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தார்: ஜெர்மனி தன் கடைக்குள் வரும் காலணிக்கு விதி போட்டது, இந்தியா தன் மருந்துக் கடைக்குள் வரும் மருந்துக்கு விதி போட்டது, இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஜெர்மனி விதியால் நம் டேனரிக்காரருக்குச் செலவு, இந்திய விதியால் நம் நோயாளிக்கு மிச்சம், அதனால்தான் ஒன்று கசக்கிறது, ஒன்று இனிக்கிறது.

தேர்வுக்கு இந்தப் பகுதியிலிருந்து நான் கேட்ட ஐந்து மதிப்பெண் வினா: 'ஆம்பூர் ஏற்றுமதியாளர் ஒருவர் ஜெர்மன் இறக்குமதியாளரிடமிருந்து காலணி ஆர்டர் பெறுகிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அவர் கேட்டறிய வேண்டிய கேள்விகளை எழுதுக.' பாடநூல் வரியை மட்டும் படித்தவர்கள் சுங்கத் தீர்வையிலும் நாணயத்திலும் நின்றுவிட்டார்கள். விளையாட்டில் தபால்காரராக இருந்த மாணவர் எழுதிய முதல் கேள்வி, 'பதில் கடிதம் தொலைந்தால் யார் பொறுப்பு?'